'கேன் யூ'வா, 'குட் யூ'வா, 'வுட் யூ மைண்ட்'டா: இங்கிலீஷ்ல ஒன்னு கேக்கணும்னா எத புடிச்சுக்கிறது?

எல்ல ஊர்ப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்ல வேலைக்கு சேர்ந்த புள்ளைங்க, நுவரெலியாவுல ஹோட்டல் ரிசெப்ஷனுக்கு அப்ளை பண்ணிட்டு இருக்கிறவங்க, டீ ஃபேக்டரியில டூரிஸ்ட்ட கூட்டிட்டுப் போய் சுத்திக் காட்டுறவங்கன்னு பல பேரு திரும்பத் திரும்ப கேக்குறது இதத்தான். ஒருத்தர்கிட்ட ஒன்னு கேக்கணும், இல்ல ஒன்னு செய்யச் சொல்லணும், இங்கிலீஷ்ல அதுக்கு ஏழெட்டு மாதிரி வாக்கியம் இருக்கு, 'ஐ வாண்ட்', 'கேன் யூ', 'குட் யூ', 'மே ஐ', 'வுட் யூ மைண்ட்', 'ஐ வுட் லைக்', 'ஐ வாஸ் வொண்டரிங்'னு போய்க்கிட்டே இருக்கு, இதுல எத புடிச்சுக்கிறது? யூடியூப்ல ஒருத்தர் இதுதான் சரின்றார், டியூஷன் சேர் வேற ஒன்ன சொல்றார், கொப்பி நெறய எழுதி பாடமாக்கினாலும் கெஸ்ட் முன்னாடி நிக்கிறப்போ ஒன்னும் வாயில வர மாட்டேங்குது.

எல்லாத்தையும் ஒரே நேரத்துல வாயில ஏத்தப் பாக்குறதாலதான் வர மாட்டேங்குதுன்னு நான் நினைக்கிறேன். ஒன்னு ரெண்ட மட்டும் வாய்க்கு எடுத்துக்கணும், மத்ததெல்லாம் காதுக்கு, அதாவது யாராவது சொன்னா புரிஞ்சா போதும். எது வாய்க்கு எது காதுக்குன்னு பிரிக்கத்தான் இந்த ஒப்பீடு.

## எத வெச்சு அளக்கிறது

மொதல்ல மரியாதை. தமிழ்ல மரியாதை வினைச்சொல்லோட கடைசியிலயே ஒட்டிக்கிட்டு இருக்கு, "பாஸ்போர்ட்ட குடுங்க"ன்னா அந்த 'ங்க' போதும், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. இங்கிலீஷ் வினைக்கு அப்படி ஒன்னு இல்ல, 'கிவ்'னா பெரியவங்களுக்கும் 'கிவ்'தான் சின்னவங்களுக்கும் 'கிவ்'தான். அங்க மரியாதைய வாக்கியத்தோட தொடக்கத்துல வெக்கணும். இது தெரியாம நாம "குடுங்க"வ அப்படியே தூக்கிட்டுப் போய் 'கிவ் மீ யுவர் பாஸ்போர்ட்'னு சொல்றோம், மனசுல எவ்வளவு பணிவு இருந்தாலும் எதிர்ல இருக்கிறவர் காதுல அது அதிகாரமா விழுது. நல்ல குணமான புள்ளைங்க இதனால திமிர் புடிச்சவங்கன்னு பேர் வாங்குறத பாக்க மனசுக்கு கஷ்டமா இருக்கு, அதனாலதான் இத மொத அளவா வெக்கிறேன்.

ரெண்டாவது, அந்தத் தொடக்கத்துக்கு பின்னால வர்ற வினை எந்த உருவத்துல வரணும்ங்கிறது. சிலதுக்கு வெறும் வினை போதும், சிலதுக்கு 'டு' வேணும், சிலதுக்கு 'இங்' வேணும். அவசரத்துல பேசறப்போ எது உடையாம நிக்கும்னு பாக்கணும்.

மூணாவது, பதில். நாம கேட்டா அவங்க சொல்ற பதில் நமக்கு புரியணும், அவங்க அதே மாதிரி நம்மகிட்ட கேட்டா நாம சொல்ற பதில் தலைகீழா போயிடக் கூடாது. டியூஷன்ல கேக்கத்தான் பழக்குவாங்க, பதில் சொல்லப் பழக்குறது ரொம்பக் குறைவு, ஆனா வேலை இடத்துல மாட்டிக்கிறது அதிகமும் பதில்லதான்.

நாலாவது, வாயில பேசுற அதே வாக்கியம் ஈமெயில்லயும் வாட்ஸ்அப்லயும் எழுதினா நல்லா இருக்குமா, இல்ல அதுக்கு தனியா இன்னொன்னு படிக்கணுமா.

## 'ஐ வாண்ட்', 'கிவ் மீ'

கத்துக்க சுலபம், பதில்லயும் குழப்பம் இல்ல, ஆனா மரியாதையில விழுந்துடும். "எனக்கு ஒரு டீ வேணும்"னா தமிழ்ல சாதாரணம், 'ஐ வாண்ட் எ டீ'ன்னா இங்கிலீஷ்ல சின்னப் புள்ள அடம் புடிக்கிற மாதிரி கேக்கும். கடைசியில 'ப்ளீஸ்' போட்டா சரியாயிடும்னு பல பேரு நம்புறாங்க, கொஞ்சம் மெதுவாகும் அவ்வளவுதான், 'கிவ் மீ யுவர் கீ ப்ளீஸ்' அப்பவும் உத்தரவுதான்.

ஆனா இத தூக்கிப் போட வேணாம், ரெண்டு இடத்துக்கு இதுதான் வேணும். ஒன்னு அவசரம். சிவனொளிபாத மலையில ஏறிட்டு இருக்கிற கெஸ்ட்டுக்கு நெஞ்சு வலின்னு வெச்சுக்குங்க, அந்த நேரத்துல 'வுட் யூ மைண்ட்'னு ஆரம்பிச்சுட்டு இருக்கக் கூடாது, 'வி நீட் எ டாக்டர்', 'கால் அன் ஆம்புலன்ஸ்', நேரா சொல்லணும். இன்னொன்னு இன்டர்வியூல ஆசைய சொல்றது, 'ஐ வாண்ட் டு லேர்ன் ஃப்ரண்ட் ஆஃபீஸ் வொர்க்'னு சொன்னா அதுல தப்பே இல்ல, தெளிவா இருக்கு. யார்கிட்டயும் ஒன்ன வாங்கப் போறது இல்லாத வாக்கியத்துல 'வாண்ட்' நல்ல சொல்தான்.

## 'கேன் ஐ', 'கேன் யூ'

நமக்கு இது சட்டுன்னு வரும், ஏன்னா தமிழ்ல "தர முடியுமா"ன்னு கேக்குறோம், சிங்களத்துல 'தென்ன புளுவந்த'ன்னு கேக்குறோம், ரெண்டுலயும் முடியுமாங்கிறதுதான் உள்ள இருக்கு, அதத்தான் 'கேன்' செய்யுது. மலையகத்துல தமிழும் சிங்களமும் சேர்ந்தே காதுல விழுந்து வளந்தவங்களுக்கு இந்த வழி ஏற்கனவே மூளையில போட்டிருக்கு. பின்னால வெறும் வினை போதும், 'கேன் யூ வெயிட்', 'கேன் ஐ டேக் யுவர் பேக்', 'டு' வேணாம் 'இங்' வேணாம்.

மறைஞ்சிருக்கிற செலவு காதுலதான். சாதாரண பேச்சுல 'கேன்' நல்லா அமுங்கி 'கன்'னு கேக்கும், 'முடியாது'ங்கிறத பிரிட்டிஷ்காரங்க 'காண்ட்'னு நீட்டுவாங்க, அமெரிக்கக்காரங்க 'கேண்ட்'னு சொல்லிட்டு கடைசி 'ட்'ட முழுங்கிடுவாங்க. அமுங்கினா முடியும், அழுத்தினா முடியாதுன்னு புடிச்சுக்கிட்டா பெரும்பாலும் தப்பாது. அப்பவும் சந்தேகம்னா 'ஸோ யூ ஆர் கமிங்?'னு திருப்பிக் கேட்டுருங்க, ராத்திரி சாப்பாடு எத்தனை பேருக்குன்னு தெரியாம சமைக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்.

மரியாதை அளவுல இது நடுவுல நிக்குது. கூட வேலை செய்றவங்க, கடைக்காரர், உங்க வயசு கெஸ்ட், இவங்களுக்கு போதும். மேனேஜருக்கோ முன்னப் பின்ன தெரியாத வயசானவங்களுக்கோ கொஞ்சம் மெல்லிசா இருக்கும்.

## 'குட் ஐ', 'குட் யூ'

நான் எல்லாருக்கும் சொல்றது இதத்தான் வாய்க்கு எடுத்துக்கோங்கன்னு. (நல்லதுன்னு சொல்ற குட் இல்ல, 'கேன்'னோட அடுத்த உருவம்.)

பள்ளிக்கூடத்துல 'குட்'ங்கிறது 'கேன்'னோட இறந்தகாலம்னு படிச்சுட்டோம், அதனால 'குட் யூ ஓபன் த டோர்'னா "நேத்து கதவ திறக்க முடிஞ்சுதா"ன்னு மனசு ஓடுது, வாயி தயங்குது. அந்தப் பாடம் தப்பு இல்ல, பாதி. இங்கிலீஷ்ல கேக்குறத மெதுவாக்கணும்னா வினைய ஒரு அடி பின்னால தள்ளுவாங்க, 'கேன்' 'குட்' ஆகும், 'வில்' 'வுட்' ஆகும், காலம் மாறாது, தூரம்தான் கூடும், அந்தத் தூரம்தான் மரியாதை. இத ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா தயக்கம் போயிடும்.

நாலு அளவுலயும் பாருங்க. மரியாதைக்கு மேனேஜர்கிட்டயும் போதும், கெஸ்ட்டுகிட்டயும் போதும். பின்னால வெறும் வினைதான், 'கேன் யூ' வர்ற வாய்க்கு இதுவும் வரும். எழுத்துல 'குட் யூ ப்ளீஸ் சென்ட் மீ யுவர் அரைவல் டைம்'னு அப்படியே வாட்ஸ்அப்ல போடலாம், ஈமெயில்லயும் போடலாம். உத்தரவு மாதிரி விழுற எத்தனையோ வாக்கியத்த இதுல மாத்திடலாம், 'யூ மஸ்ட் செக் அவுட் அட் டென்'னு சொல்ற இடத்துல 'குட் யூ செக் அவுட் பை டென், ப்ளீஸ்'னு சொல்லிப் பாருங்க, விஷயம் ஒன்னுதான், கெஸ்ட்டோட முகம் வேற.

இதுக்கும் செலவு இருக்கு, மூணு இடத்துல கவனம் வேணும்.

பதில் சொல்றப்போ 'குட்' திரும்ப வரக் கூடாது. 'குட் யூ கால் எ டுக்டுக்?'னு கெஸ்ட் கேட்டா 'யெஸ், ஐ குட்' இல்ல, 'யெஸ், ஆஃப் கோர்ஸ்'. 'குட் ஐ யூஸ் த கிச்சன்?'னு கேட்டா 'யெஸ், யூ கேன்'. கேக்குறவருக்குத்தான் அந்தத் தூரம் வேணும், குடுக்கிறவர் தயங்காம குடுக்கணும்.

அடுத்தது 'குட் யூ டெல் மீ'ன்னு ஆரம்பிச்சு கேள்விய உள்ள வெக்கிறது, இங்கதான் ரொம்பப் பேரு வழுக்குறாங்க. பதுளை ரயில் லேட்டாகுது, கெஸ்ட் எப்ப வருவாங்கன்னு கேக்கணும். 'வாட் டைம் ஆர் யூ அரைவிங்?' தனியா நின்னா சரி. அத 'குட் யூ டெல் மீ'க்கு பின்னால போட்டா உள்ள இருக்கிற வரிசை மாறணும், 'குட் யூ டெல் மீ வாட் டைம் யூ ஆர் அரைவிங்'. அதே மாதிரி 'குட் யூ டெல் மீ வேர் யூ ஆர்', 'வேர் ஆர் யூ' இல்ல. ஒரு வாக்கியத்துல ஒரு தடவை கேட்டா போதும், கேள்வி வரிசை 'குட் யூ'வுலயே முடிஞ்சிருச்சு, பின்னாடி வர்றது சாதாரண வரிசை. இத எழுதிப் பழகுறத விட சத்தமா சொல்லிப் பழகுறது நல்லது, நாக்குதான் மாறணும்.

கடைசியா, நேத்து ஒரு தடவை செஞ்சு முடிச்ச வேலைக்கு 'குட்' போடாதீங்க. 'யெஸ்டர்டே ஐ குட் ஃபிக்ஸ் த ஹீட்டர்' இல்ல, 'ஐ மேனேஜ்ட் டு ஃபிக்ஸ்', இல்லன்னா 'ஐ வாஸ் ஏபிள் டு ஃபிக்ஸ்'. முடியலன்னா மட்டும் 'ஐ குடன்ட் ஃபிக்ஸ் இட்' சரி.

## 'மே ஐ'

"மே ஐ கம் இன் டீச்சர்"னு சின்ன வகுப்புலயே வாயில ஏறினது. ரிசெப்ஷன்ல 'மே ஐ ஹேவ் யுவர் பாஸ்போர்ட், மேடம்' ரொம்ப அழகா இருக்கும். ஆனா 'மே யூ'ன்னு ஒருத்தர ஒன்னு செய்யச் சொல்ல முடியாது, 'மே யூ வெயிட்' இல்ல, 'குட் யூ வெயிட்'. பாதி வேலைக்குத்தான் இது உதவும்.

## 'வுட் யூ மைண்ட்'

ஸ்டைலா இருக்குன்னு நெறய பேரு இதுமேல ஆசைப்படுறாங்க. கேக்குறதுக்கு இனிமையா இருக்கிறது உண்மைதான், ஒருத்தருக்கு கொஞ்சம் தொந்தரவு குடுக்கிற விஷயத்துக்கு இதவிட நல்ல வாக்கியம் இல்ல. நானு ஓயாவுல இருந்து எல்லவுக்குப் போற ரயில்ல நெரிசல், ஒருத்தர் பேக்க சீட்டுல வெச்சிருக்கார், 'வுட் யூ மைண்ட் மூவிங் யுவர் பேக்?'னு கேட்டா சண்டையே வராது.

ஆனா செலவு மத்த எல்லாத்தையும் விட இதுக்குத்தான் அதிகம். பின்னால 'இங்' வரணும், 'மூவ்' இல்ல 'மூவிங்'. நாம செய்ய அனுமதி கேக்கணும்னா இன்னும் சிக்கல், 'வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓபன்ட் த விண்டோ'ன்னு வினை இறந்தகால உருவத்துக்குப் போகணும் (பேச்சுல 'ஓபன்'னே சொல்றவங்களும் இருக்காங்க, அது காதுல விழுந்தா குழம்பாதீங்க).

அப்புறம் பதில். ஒரு கெஸ்ட் ரூம காலி பண்ணிட்டு, ரயில் வர்ற வரைக்கும் ஒன்பது வளைவுப் பாலத்த பாத்துட்டு வரலாம்னு கிளம்புறாங்க, கவுண்டர்ல வந்து 'வுட் யூ மைண்ட் இஃப் வி லெஃப்ட் அவர் பேக்ஸ் ஹியர்?'னு கேக்குறாங்க. தம்பி சிரிச்ச முகத்தோட தலைய ஆட்டி 'யெஸ், யெஸ்'னு சொல்றார். வெச்சுட்டுப் போங்கன்னு அர்த்தத்துலதான் சொன்னார், ஆனா 'மைண்ட்'னா ஆட்சேபனை, "ஆட்சேபனை உண்டா"ன்னு கேட்டதுக்கு "உண்டு, உண்டு"ன்னு பதில் போயிருக்கு. கெஸ்ட் அவர் முகத்தையும் பாக்குறாங்க, பேக்கையும் பாக்குறாங்க, வெக்கிறதா எடுக்கிறதான்னு தெரியாம நிக்கிறாங்க. நம்ம தலையாட்டல் வேற அவங்களுக்கு ஆமாவா இல்லையான்னு புரியாது, அதுவும் சேந்துக்கும்.

சரியான பதில் 'நோ, நாட் அட் ஆல்'. அது நேரத்துக்கு வாயில வராதுன்னா 'ஷுவர், நோ ப்ராப்ளம்'னு சொல்லி கைய நீட்டி பேக்க வாங்கிக்குங்க, எந்தக் கேள்விக்கும் அது பொருந்தும், இங்கிலீஷ்காரங்களே பல பேரு 'ஷுவர்'னுதான் சொல்றாங்க. தனியா ஒரு 'யெஸ்' மட்டும் வேணாம். இத வாய்க்கு எடுக்கிறது பிறகு பாத்துக்கலாம், காதுக்கு கட்டாயம் இன்னிக்கே வேணும், கெஸ்ட் ஹவுஸ்ல நாளைக்கே ஒருத்தர் கேப்பாங்க.

## 'ஐ வுட் லைக்', 'வுட் யூ லைக்'

நமக்கு ஒன்னு வேணும்னா 'ஐ வாண்ட்'டுக்கு பதிலா 'ஐ வுட் லைக்', சுருக்கி 'ஐட் லைக்'. இன்னொருத்தருக்கு ஒன்ன குடுக்கணும்னா 'வுட் யூ லைக்'. வினை வந்தா 'டு' சேக்கணும், பொருள் வந்தா வேணாம், 'வுட் யூ லைக் சம் டீ', 'வுட் யூ லைக் டு சிட் அவுட்சைட்'.

அந்த 'வுட்' விழுந்துட்டா அர்த்தமே மாறிடும், அதுதான் இதோட செலவு. டீ ஃபேக்டரியில சுத்திக் காட்டி முடிஞ்சு டேஸ்டிங் மேசைக்கு வர்றீங்க, பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., பெக்கோன்னு டீ ரகம் ஒவ்வொன்னுக்கும் வரிசையா கோப்பை வெச்சிருக்கு. 'டூ யூ லைக் திஸ் ஒன்?'னா குடிச்சுப் பாத்தவர்கிட்ட புடிச்சுதான்னு கேக்குறது. 'வுட் யூ லைக் டு ட்ரை திஸ் ஒன்?'னா இன்னும் குடிக்காதவர்கிட்ட குடிச்சுப் பாக்குறீங்களான்னு குடுக்கிறது. மாத்திச் சொன்னா கெஸ்ட் இன்னும் வாயில வெக்காத டீயப் பத்தி என்ன சொல்றதுன்னு முழிப்பாங்க. அப்ளிகேஷன்லயும் அதேதான், 'ஐ லைக் டு அப்ளை'ன்னா எனக்கு அப்ளை பண்றது பொழுதுபோக்குன்னு ஆகிடும், 'ஐ வுட் லைக் டு அப்ளை'ன்னுதான் எழுதணும்.

விருந்தாளிய கவனிக்கிற வேலை எதுவா இருந்தாலும் 'குட் யூ'வுக்கு அடுத்தபடி வாய்க்கு எடுக்க வேண்டியது இதுதான். கேக்குறதுக்கு 'குட் யூ', குடுக்கிறதுக்கு 'வுட் யூ லைக்', இந்த ரெண்ட வெச்சு ஒரு நாள் ஷிஃப்ட்டே ஓட்டிடலாம்.

## 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்'

எழுத்துக்கும், பெரிய உதவி கேக்குற நேரத்துக்கும். கேம்பஸ் லெக்சரர்கிட்ட ரெஃபரன்ஸ் லெட்டர் கேக்குறது, மேனேஜர்கிட்ட தீபாவளிக்கு லீவு கேக்குறது, இந்த மாதிரி. 'வாஸ்'னு இருந்தாலும் இப்ப கேக்குறதுதான், மேல சொன்ன அதே தூரம். 'இஃப்'புக்கு பின்னால 'யூ குட்', 'குட் யூ' இல்ல. நீளமா இருக்கிறதால பேசறப்போ பாதியில அறுந்துடும், பேங்க் கவுண்டர்ல பின்னால கியூ நிக்கிறப்போ இத ஆரம்பிக்காதீங்க.

எழுத்துன்னதும் 'கைண்ட்லி'யையும் சொல்லிடணும். 'கைண்ட்லி சென்ட்', 'கைண்ட்லி இன்ஃபார்ம்'னு நம்ம ஊர் ஆஃபீஸ் கடிதத்துல நிறைஞ்சு கிடக்கு, உள்ளூருக்குள்ள அது நல்லாவே ஓடும், வெளிநாட்டு கெஸ்ட்டுக்கு எழுதினா கொஞ்சம் விறைப்பா கேக்கும், அவங்களுக்கு 'குட் யூ ப்ளீஸ்' போடுங்க. இன்னொன்னு, அரசாங்க ஆஃபீஸுக்கு எழுதுறதுன்னா இங்கிலீஷ் வரலன்னு பின்வாங்க வேணாம். இலங்கை அரசியலமைப்புக்கு 1987ல வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிச்சு, இங்கிலீஷ இணைப்பு மொழின்னு சொல்லிச்சு. தமிழ்ல எழுதி தமிழ்லயே பதில் வாங்குறது நம்ம உரிமை, இங்கிலீஷ் நமக்கு கூடுதலா ஒரு வழி.

## ஒரே பார்வையில

| தொடக்கம் | பின்னால வர்ற வினை | நல்லா பொருந்துற இடம் | கவனம் |
|---|---|---|---|
| ஐ வாண்ட் / ஐ நீட் | 'டு' சேத்து | அவசரம், சொந்த ஆசை | சேவை கேக்குறப்போ முரட்டுத்தனம் |
| கேன் யூ | வெறும் வினை | கூட்டாளி, கடை, சம வயசு | 'கேன்', 'காண்ட்' காதுல குழம்பும் |
| குட் யூ | வெறும் வினை | எல்லா இடமும், எழுத்தும் | பதில்ல 'குட்' வேணாம் |
| மே ஐ | வெறும் வினை | ரிசெப்ஷன் | 'மே யூ' கிடையாது |
| வுட் யூ மைண்ட் | 'இங்' | தொந்தரவான கோரிக்கை | 'யெஸ்'னா மறுப்பு |
| வுட் யூ லைக் | 'டு' சேத்து | உபசரிப்பு | 'டூ யூ லைக்' வேற அர்த்தம் |
| ஐ வாஸ் வொண்டரிங் இஃப் | 'யூ குட்' + வினை | ஈமெயில், பெரிய உதவி | பேச்சுல அறுந்துடும் |

## யாருக்கு எது

கெஸ்ட் ஹவுஸ், ஹோட்டல், ஃபேக்டரி டூர்னா 'குட் யூ'வும் 'வுட் யூ லைக்'கும் வாய்க்கு, 'வுட் யூ மைண்ட்' காதுக்கு. கொப்பியில ஒரே தொடக்கத்த மேல எழுதிட்டு கீழ உங்க வேலைக்கு வேண்டிய வினைய மட்டும் மாத்தி மாத்தி எழுதுங்க, 'குட் யூ சைன்', 'குட் யூ வெயிட்', 'குட் யூ ஃபாலோ மீ', 'குட் யூ கீப் த டோர் க்ளோஸ்ட்'. நூறு வெவ்வேற வாக்கியத்த விட இது சீக்கிரம் வாயில உக்காரும்.

டவுன்ல கடை, ஃபோன் ரிப்பேர், டுக்டுக் ஓட்டுறவங்களுக்கு 'கேன் ஐ', 'கேன் யூ' போதும், 'குட்'டுக்கு அவசரமே இல்ல. அங்க வேகம்தான் முக்கியம், முகத்துல சிரிப்பு இருந்தா மிச்ச மரியாதைய அது பாத்துக்கும்.

ஓ.எல்., ஏ.எல். எழுதுற புள்ளைங்களுக்கு மட்டும் எல்லாமே வேணும், பேப்பர்ல எது வரும்னு நாம முடிவு பண்ண முடியாதே, அவங்க மேல இருக்கிற அட்டவணையில ரெண்டாவது கட்டத்த, வினை எப்படி வரும்ங்கிறத, நல்லா பாத்து வெச்சுக்கணும்.

இன்டர்வியூக்கு போறவங்களுக்கு ஒன்னே ஒன்னு. கேள்வி புரியலன்னா அமைதியா இருக்கிறதோ சும்மா 'யெஸ் சேர்'னு சொல்றதோதான் நம்ம பக்கம் வழக்கமா நடக்குது, வெக்கத்துலயும் மரியாதையிலயும். அதுக்கு பதிலா 'சாரி சேர், குட் யூ ப்ளீஸ் சே தட் அகெயின்?'னு கேளுங்க. கேட்டா மார்க் குறைப்பாங்கன்னு பயப்பட வேணாம், ஹோட்டல் வேலைக்கு ஆள் எடுக்கிறவங்களுக்கு புரியாதத கேட்டுத் தெரிஞ்சுக்கிற ஆளுதான் வேணும், ஏன்னா நாளைக்கு அதே புள்ளதான் கெஸ்ட் சொன்ன ரூம் நம்பரையும் சரியா கேட்டு எழுதணும்.